பனிமலைப் பூவும் நம்ம முகத்து மங்கும்

கேள்விக் கூடை: கந்தப்பளையிலிருந்து உங்கள் அக்கா

தோல், முகம், பூ, எண்ணெய் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் வாய் விட்டுவிட்டேன். கூடை நிறைந்து வழிகிறது. முதல் தடவையாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தோட்டத்து டிஸ்பென்சரியில் 19 வருஷம் மருந்து கட்டிக் கொடுத்தவள் நான். இப்போது கந்தப்பளையில் சின்னதாக ஒரு பூந்தவறணை வைத்திருக்கிறேன். நாற்று விற்கிறேன், கொஞ்சம் எண்ணெய் காய்ச்சுகிறேன். டாக்டர் இல்லை. டாக்டரிடம் போ என்று எப்போது சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

*

சுவிஸில் இருக்கும் என் மைத்துனர் லீவுக்கு வந்தபோது என் மனைவிக்கு ஒரு கிறீம் கொண்டுவந்தார். ‘எடல்வைஸ்’ என்ற பனிமலைப் பூவில் செய்ததாம். காட்டில் பறிக்காமல், இயற்கை முறையில் பயிரிட்டு எடுத்த பூவாம். மனைவி கொழுந்து எடுக்கப் போகிறவள். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு. ஆறு வாரமாகத் தினமும் பூசுகிறாள், மங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பூ பொய்யா, கிறீம் பொய்யா?
– ஒரு கணவர், தலவாக்கலை

பூ பொய்யில்லை தம்பி. நான் கையால் தொட்டுப் பார்த்த பூ அது.

என் தங்கச்சி மகள் யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொண்டு பேர்ண் நகரத்தில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, “பெரியம்மாவுக்குச் செடி என்றால் உயிர்” என்று மாப்பிள்ளை என்னை ரயிலேற்றி வலே மாநிலத்துக்குக் கூட்டிப் போனார். பாறை ஏறி, கயிறு கட்டித் தொங்கிப் பூப் பறிப்பார்கள் என்று நினைத்துப் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால், சரிவில் வரிசை பிடித்து நட்ட பாத்தி! நம்ம கந்தப்பளை லீக்ஸ் பாத்தி மாதிரியேதான். இரண்டு பெண்கள் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து முதுகை நெளித்த விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த ஊர் மலையாக இருந்தால் என்ன, இடுப்பு ஒன்றுதான்.

பூ உள்ளங்கையில் அடங்கிவிடும். பார்வைக்கு இதழ் போல இருப்பதெல்லாம் உண்மையில் இலை. கிறிஸ்மஸ் நேரம் நம் பங்களா வாசல்களில் சிவக்குமே ஒரு செடி, அதில் சிவப்பாக இருப்பது இலைதானே, அதே கதை. நடுவில் மஞ்சளாகப் பொத்தான் பொத்தானாக இருப்பதுதான் பூ. அந்த வெள்ளை இலை முழுவதும் ரோமம். தொட்டால் பிறந்து நாலு நாளான ஆட்டுக்குட்டியின் காதைத் தொட்ட மாதிரி இருந்தது. வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை.

காட்டில் இந்தப் பூ ஏறக்குறைய 1800 மீற்றரிலிருந்து 3000 மீற்றர் வரை சுண்ணாம்புப் பாறையில் வளரும். ஒரு காலத்தில் மலை பார்க்க வருகிறவன் எல்லாம் வேரோடு பிடுங்கித் தொப்பியில் செருகிக்கொண்டு போனான். சுவிஸின் ஒப்வால்டன் மாநிலம் 1878-லேயே பிடுங்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அப்படியானால் கிறீமுக்குப் பூ எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் பாத்தி. வலேயில் உள்ள கொன்தே என்ற இடத்தில் அரசாங்க விவசாய ஆராய்ச்சிக்காரர்கள் காட்டுச் செடிகளிலிருந்து தேர்ந்து ‘ஹெல்வேஷியா’ என்று ஒரு ரகமே எடுத்தார்கள். உங்கள் மைத்துனர் சொன்ன ‘பயிரிட்ட பூ’ என்பது நம்பக்கூடிய சங்கதிதான்.

இப்போது மங்குக்கு வருவோம். அந்த வெள்ளை ரோமம் சும்மா அழகுக்கு இல்லை. மலை உச்சியில் வெயிலில் புற ஊதாக் கதிர் கடுமை. பெல்ஜியத்தின் நமூர் பல்கலைக்கழகத்தில் ஜான் போல் விக்னரோன் என்ற இயற்பியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் அந்த ரோமத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் மெல்லிய வரிவரியாக இழைகள். அந்த இழையின் அளவு கிட்டத்தட்டப் புற ஊதாக் கதிரின் அலைநீள அளவு. அதனால் அந்தக் கதிரை மட்டும் ரோமம் பிடித்து வைத்துக்கொள்கிறது, மற்ற வெளிச்சத்தை இலைக்குள் விடுகிறது. இலைக்குச் சமைக்க வெளிச்சம் வேண்டுமே!

ஆக, அந்தப் பூவின் குடை ரோமத்தின் அமைப்பில் இருக்கிறது. கிறீமுக்குப் போவது ரோமம் இல்லை. பூவையும் தண்டையும் காயவைத்து, சாராயத்திலோ கிளிசரினிலோ ஊறவைத்து இறக்கிய சாறு. குடையை ஊறவைத்த தண்ணீரைத் தலையில் தெளித்தால் மழை நிற்குமா?

சாற்றில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். லியோன்டோபோடிக் அமிலம் என்று இந்தப் பூவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்து உண்டு. குளோரோஜெனிக் அமிலமும் உண்டு, அது பச்சைக் கோப்பிக் கொட்டையிலும் தாராளமாக இருக்கிற சரக்கு. வெயிலும் புகையும் தோலில் செய்கிற சேதத்தை இவை தடுக்கும் என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த செல்லுக்கும், மலையில் பகல் நிறுவை, அதாவது மத்தியானம் கொழுந்து நிறுக்கிற நேரம், வரைக்கும் வெயிலில் நிற்கிற உங்கள் மனைவியின் கன்னத்துக்கும் நடுவே தூரம் அதிகம்.

கிறீம் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சேர்த்த பொருள்களை அதிகம் உள்ளது முதலில், குறைந்தது பின்னால் என்ற வரிசையில்தான் அங்கே அச்சிட வேண்டும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகச் சேர்த்ததை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். முதலில் தண்ணீர் இருக்கும், பிறகு எண்ணெய்கள், கிளிசரின். ‘லியோன்டோபோடியம் அல்பினம்’ என்ற எடல்வைஸின் அறிவியல் பெயர் வாசனைக்கும் கெடாமல் காக்கும் மருந்துக்கும் பக்கத்தில் கிடந்தால், பெட்டியின் முன்பக்கத்துப் படத்தில் இருக்கிற அளவுக்குப் பூ உள்ளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணெய்ப் பசை உள்ள கிறீமாக இருக்கும். குளிர்காலத்தில் வெடித்த கன்னத்துக்குப் பூசட்டும், வீணாக்க வேண்டாம்.

மங்கு வேறு வியாதி. பிள்ளைத்தாய்ச்சிக் காலத்துச் சுரப்பும் வெயிலும் சேர்ந்து கிளப்புவது. பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தானாக மறையும். கருத்தடை மாத்திரை எடுத்தால் நிலைத்துவிடலாம், கிளினிக்கில் மிட்வைஃப் அம்மாவிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். நம் ஊரில் ஒரு ஏமாற்று இருக்கிறது. குளிராக இருப்பதால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கூடும். நுவரெலியா 1868 மீற்றர். கணக்குப் போட்டால் கொழும்பில் விழுவதை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகம் இருந்தாலும் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும்.

கூடைக் கயிறுக்கு அடியில் போடுகிற தலைத்துண்டை முன்னால் இழுத்து நெற்றிக்கு மேல் ஒரு சாண் தாழ்வாரம் மாதிரி விடச் சொல்லுங்கள். என் அம்மா அப்படித்தான் கட்டுவாள். அதன் கீழே, வெயில் காப்பு எண் (எஸ்.பி.எஃப்.) 30-க்குக் குறையாத சன் கிறீம். வாங்க முடிந்தால் தோல் நிறம் கலந்ததாக வாங்குங்கள். அதில் இருக்கிற இரும்பு ஒக்சைட், மங்கைக் கிளப்புகிற சாதாரண வெளிச்சத்தையும் கொஞ்சம் மறிக்கும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்துக்கு) போகும்போது ஒரு தடவை, பகல் நிறுவை முடிந்து ஒரு தடவை. மூன்று மாதம் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக் நாள் விசாரித்துக் கூட்டிப் போங்கள்.

உங்கள் மைத்துனரிடம் அடுத்த தடவை அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சன் கிறீமாக வாங்கிவரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

*

எடல்வைஸ் விதை சுவிஸிலிருந்து வரவழைத்து நம் மலையில் வளர்த்தால் என்ன? குளிர் ஒன்றுதானே. லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்று என் நண்பன் சொல்கிறான்.
– பண்டாரவளை

உங்கள் நண்பர் விதையை மட்டும் யோசித்திருக்கிறார். அந்தச் செடிக்கு வேண்டியது வடிகால் உள்ள சுண்ணாம்பு மண். நமது தேயிலை மண் புளித்த மண், அதனால்தான் தேயிலை குஷியாக நிற்கிறது. அங்கே குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டிக்கு அடியில் காய்ந்து தூங்கும், நமக்கு ஜனவரியில் நாலு விடியற்காலை புல் வெளுக்கிற அளவுக்குத்தான் பனி. மற்ற நாளெல்லாம் மழையும் மூடுபனியும். ரோமச் செடிக்கு ஈரம் ஆகாது, அழுகிவிடும். அங்கே கோடையில் பகல் 15 மணி நேரத்துக்கு மேல். நமக்கு வருஷம் பூராவும் ஏறக்குறைய 12 மணி நேரம். தாழ்ந்த இடத்தில் வளர்த்தால் ரோமம் குறைந்து பச்சையடிக்கும் என்று நான் பார்த்த வலே பாத்தியின் தோட்டக்காரரே எங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னார். வெள்ளை இல்லாத எடல்வைஸை யார் வாங்குவது?

இன்னொன்று, கடித உறைக்குள் வைத்து விதை அனுப்பச் சொல்லிவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதி எடுத்து, கட்டுநாயக்கவில் தொற்றுக் காப்புப் பரிசோதனைக்குக் காட்டித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். அது வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கிற முட்புதரைப் போய்ப் பாருங்கள். கோர்ஸ் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. இன்று ஆள் வைத்து வெட்டினாலும் தீராமல் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது.

*

முகத்துக்கு தேசிக்காய்ச் சாறு பூசினால் நிறம் வெளுக்கும் என்கிறார்களே அக்கா?
– பல பேர், எண்ணுவதை விட்டுவிட்டேன்

பூசாதீர்கள். பூசிக்கொண்டு வெயிலில் போனால் அந்த இடம் நெருப்பில் சுட்ட மாதிரி சிவந்து, சில பேருக்குக் கொப்பளித்து, கடைசியில் கறுப்புத் தழும்பாக நிற்கும். டிஸ்பென்சரியில் ஒவ்வொரு சித்திரை மாதமும் இப்படி ஒரு முகமாவது வந்து நிற்கும். தேசிக்காயை மீன் குழம்புக்கு வையுங்கள்.

*

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா கூட்டிப் போனேன். புல்வெளியில் வெள்ளையாக, காகிதம் போலச் சரசரக்கும் சிறு பூக்கள். இலை எல்லாம் பஞ்சு. ஒரு பிள்ளை கொத்தாகப் பறித்துப் பைக்குள் வைத்துவிட்டது. இது என்ன பூ? எடல்வைஸுக்கு உறவா?
– ஓர் ஆசிரியை, வெலிமடை

கண் நல்ல கண் ரீச்சர். உறவுதான், அதுவும் நெருங்கிய உறவு. அனஃபலிஸ் என்ற இனம் அது. சூரியகாந்திக் குடும்பத்துக்குள்ளே எடல்வைஸ் எந்தக் கிளையோ அதே கிளை. பஞ்சு இலையும் அந்தக் குடும்பச் சொத்துதான். காய்ந்தாலும் உருமாறாத பூ. நம் மலைப் புல்வெளிகளில் இதில் பல ரகம் இருக்கிறது, சிலது இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை.

அதே குளிர் மேட்டில் சிவப்பாகப் பூக்கிற மகா ரத்மல் மரத்தையும் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். ரோடோடென்ட்ரன் இனம். அல்ப்ஸ் மலையில் அதற்குத் தங்கச்சி முறையில் ஒரு குட்டைச் செடி உண்டு, அல்ப்ஸ் ரோஜா என்பார்கள், அதையும் கிறீம்காரர்கள் விட்டுவைக்கவில்லை. எனவே உங்களுக்கு அடுத்து வரப்போகிற கேள்வி தெரியும்: “நம்ம பூவிலேயே கிறீம் செய்தால் என்ன?” முதலாவது, ஹோர்ட்டன் சமவெளி 1988-லிருந்து தேசியப் பூங்கா, 2010-லிருந்து உலக மரபுரிமை இடத்தின் ஒரு பகுதி. அங்கே ஒரு புல்லைப் பிடுங்கினாலும் குற்றம். இரண்டாவது, ரோடோடென்ட்ரன் இலையிலும் தேனிலும் கிரயனோடொக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். உறவு என்பதற்காக எல்லோரையும் வீட்டுக்குள் விட முடியுமா?

பிள்ளையைத் திட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எடுத்த கொத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவும் முடியாது. ஒட்டிக் காயவைத்து வகுப்பில் மாட்டுங்கள். கீழே ‘இதற்குப் பிறகு பறிக்க மாட்டோம்’ என்று அந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

*

புதிய வீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தது. வீடு போக மேல்பக்கம் சரிவாகக் கொஞ்சம் மண் மிச்சம். நானும் மனைவியும் பூ வளர்த்து எண்ணெய், சவர்க்காரம் செய்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். மருந்து அடிக்காமல் செய்ய வேண்டும் என்பது மனைவியின் பிடிவாதம். என்ன பூ போடலாம்?
– மஸ்கெலியா

உங்கள் மனைவியின் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு. அவருக்குத்தான் இந்தப் பதில்.

காலண்டுலா போடுங்கள் தங்கச்சி. துலுக்கச் செவ்வந்தி இல்லை, அது வேறு. இது ஐரோப்பாக்காரர்கள் புண்ணுக்கும் வெடிப்புக்கும் காலங்காலமாகப் பாவிக்கிற செம்மஞ்சள் பூ. குளிர் பிடிக்கும், நம் உயரத்தில் பன்னிரண்டு வாரத்துக்குள் பூத்துவிடும், பறிக்கப் பறிக்கப் பூக்கும். விதை நமக்குள்ளேயே கிடைக்கிறது. மத்தியானத்துக்கு முன், பனி உலர்ந்த பிறகு, முழுதாக விரிந்த பூவைப் பறியுங்கள். பறித்தால் விரலில் பிசின் மாதிரி ஒட்ட வேண்டும். அந்தப் பிசுபிசுப்பில்தான் சரக்கு.

மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தோட்டத்தில் பிறந்தவர்கள். சரிவுக்குக் குறுக்கே கான் (தண்ணீர் வடிகிற வாய்க்கால்) வெட்டுங்கள், நேராக வெட்டினால் முதல் மழைக்கே பாத்தி கீழ் வீட்டு வாசலில் கிடக்கும். கான் ஓரம் மானாப் புல் வையுங்கள். வெட்டிப் பாத்திக்கு மூடாக்குப் போடலாம். பக்கத்தில் யாராவது உருளைக்கிழங்கு, லீக்ஸ் போட்டு மருந்து அடித்தால் காற்று அந்தப் பக்கமிருந்து எப்படி வருகிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். நீங்கள் அடிக்காத மருந்தும் உங்கள் பூவில் விழும். எனக்கு அப்படி நடந்து, ஒரு பக்கம் முழுவதும் உயரமாக வேலி கட்டி, கொடி ஏற்றின பிறகுதான் நிம்மதி.

ஆனால் மலைநாட்டில் பூ வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. காயவைப்பதுதான் வித்தை. என் முதல் வருஷக் கதையைக் கேளுங்கள். ஏழு கிலோப் பூவை லயத்து வாசலில் சாக்கில் பரப்பினேன். மூன்று நாள் வெயில், நாலாம் நாள் மூடுபனி இறங்கிவிட்டது. இதழைக் கிள்ளிப் பார்த்தேன், மொறுமொறு என்றிருந்தது. சரி, ஆயிற்று என்று இரண்டு போத்தல் நல்ல தேங்காய் எண்ணெயில் போட்டு மூடி வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த கள் வாசம்! மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். இதழ்தான் காய்ந்திருந்தது, அதைத் தாங்குகிற பச்சைக் காம்புக் குமிழ் உள்ளே ஈரமாகவே இருந்திருக்கிறது. எண்ணெய் அத்தனையும் விளக்குக்குக்கூட ஆகவில்லை, அவ்வளவு நாற்றம். அந்த மாதம் வீட்டில் தேங்காய் எண்ணெய் என்ற பேச்சை எடுக்கவே எனக்குப் பயம்.

அதனால் இதழைப் பார்க்காதீர்கள், குமிழை நகத்தால் பிளந்து பாருங்கள். நடு வரைக்கும் பொடிபட வேண்டும். வெயிலில் நேராகப் போட்டால் நிறம் போய்விடும். நிழலில், கம்பி வலைத் தட்டில், அடுப்படிச் சூடு படுகிற இடத்தில் வையுங்கள். என் வீட்டுக்காரர் பழைய அலுமாரி ஒன்றில் தட்டு அடித்து, அடியில் மண்ணெண்ணெய் லாம்புக்குப் பதிலாக ஒரு பல்ப் மாட்டிக் கொடுத்தார். 40 பாகைக்கு மேல் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வேன். என் தராசில் ஏழு கிலோப் பச்சைப் பூவுக்கு ஒரு கிலோதான் காய்ந்த பூ தேறுகிறது. விலை பேசும்போது இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். பச்சைப் பூ விலைக்குக் காய்ந்த பூவைக் கேட்கிற வியாபாரி ஒருவர் என்னிடமும் வந்தார். ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

முதலில் கால் பேர்ச்சில் போட்டுப் பாருங்கள். வாங்குகிற ஆள் கிடைத்த பிறகு பாத்தியை நீட்டலாம். அப்புறம், வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: செவ்வந்தி, சூரியகாந்திக் குடும்பத்துப் பூ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டுப் பூசி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

*

‘எடல்வைஸ் ஸ்டெம் செல்’ என்று ஒரு சீரம் பார்த்தேன். ‘ஒரு பூவைக்கூடப் பறிக்காதது’ என்று எழுதியிருக்கிறது. பறிக்காமல் எப்படிப் பூ?
– ஒரு பல்கலைக்கழக மாணவி, பேராதனை

எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மை. செடியின் ஒரு துணுக்கை எடுத்து, ஆய்வுகூடத் தொட்டியில் சீனியும் உப்பும் கலந்த நீரில் செல்களைப் பெருக்குவார்கள். சேர்மானப் பட்டியலில் ‘கலஸ் கல்ச்சர்’ என்று இருந்தால் அதுதான். காட்டுக்கு அதனால் சேதம் இல்லை, நிலமும் வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செல் உங்கள் தோலில் போய் உயிரோடு குடியிருந்து புதுத் தோல் தைக்கும் என்று நினைக்காதீர்கள். புட்டிக்குள் இருப்பது உயிரில்லாத சாறு. பெட்டியில் இருக்கிற பனிமலைப் படத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் கூடச் சம்பந்தம் இல்லை.

காட்டில் பறிப்பதெல்லாம் பாவம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு பறித்தால் அடுத்த வருஷமும் முளைக்கும் என்று அளந்து, பறிக்கிறவர்களுக்கு நியாயக் கூலி கொடுத்தால் ஃபெயார்வைல்ட் என்ற முத்திரை கொடுக்கிறார்கள். பெட்டியில் ‘நேச்சுரல்’ என்று பச்சை எழுத்தில் போட்டிருப்பதை விட இப்படி ஒரு முத்திரையைத் தேடுங்கள். பச்சை மை மலிவு.

*

வெள்ளையாகும் கிறீம் ஒன்று டவுனில் வாங்கினேன். இரண்டு வாரத்தில் பளிச்சென்று ஆனேன், எல்லோரும் கேட்டார்கள். நிறுத்தினால் முகம் எரிகிறது, சிறு சிறு பருவும் வருகிறது. பெட்டியில் ‘மலைப்பூச் சாறு’ என்றுதான் இருக்கிறது. தங்க நகை படாமல் பாவிக்கவும் என்று ஒரு வரியும் இருக்கிறது. அது ஏன்?
– பெயர் வேண்டாம், ஹட்டன்

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது பிள்ளை. இன்றைக்கே நிறுத்து. ‘நீங்கள்’ போட மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

எந்த மலைப்பூவும் இரண்டு வாரத்தில் ஒருத்தரை வெளுப்பாக்காது. நகை படக் கூடாது என்று எழுதுவது பாதரசம் கலந்த கிறீமின் அடையாளங்களில் ஒன்று. பாதரசம் பட்டால் தங்கமும் வெள்ளியும் கெட்டுவிடும். நகையைக் கெடுப்பது சிறுநீரகத்தை விட்டுவைக்குமா? ‘மேர்க்குரி’, ‘கலோமல்’ என்று உள்ளே எங்காவது இருக்கிறதா பார். பல பெட்டிகளில் அதைப் போடுவதே இல்லை. பாதரசம் சேர்த்த அழகுப் பொருளை 2025-க்குப் பிறகு செய்யவும் கூடாது, ஏற்றவும் இறக்கவும் கூடாது என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2023-ல் முடிவெடுத்திருக்கின்றன. பெயர் தெரியாத பெட்டிகள் அப்படியும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நிறுத்தினதும் எரிவதும் பரு கிளம்புவதும் பார்த்தால் ஸ்டீரொய்ட் மருந்தும் கலந்திருக்கலாம். அது தோலை மெலிய வைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போ. கிறீம் டப்பாவைக் கையோடு கொண்டுபோ, வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதே, டாக்டருக்கு அதுதான் முக்கியம். சிறுநீர்ச் சோதனை எழுதினால் செய்துகொள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உன் தலையணை உறை, துவாய் இரண்டையும் தனியாக வை. தொட்டாலே அவர்களுக்கும் ஏறும்.

போனதும் எனக்கு ஒரு வரி எழுது. பெயர் வேண்டாம், ‘ஹட்டன்’ என்று மட்டும் போட்டால் புரிந்துகொள்வேன்.

*

ஒவ்வொரு இதழிலும் ‘என் தவறணைக்கு ஒரு நாள் வாருங்கள்’ என்று எழுதுகிறீர்கள். பூவும் எண்ணெயும் பேசுகிற அம்மா பகிரங்கமாகக் கள்ளுத் தவறணையும் நடத்துவது எங்கள் வீட்டில் பெரிய விவாதமாகிவிட்டது. உண்மையைச் சொல்லுங்கள்.
– சுன்னாகம்

ஐயோ! எங்கள் மலையில் தவறணை என்றால் நாற்று போடுகிற இடம். தேயிலைக் கன்றைப் பையில் நட்டு, பந்தலுக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றுவோமே, அது. உங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் என்று பேர்ணில் இருக்கிற என் மருமகன் சொல்லித்தான் எனக்கே தெரியும். கல்யாணம் பேச வந்த அன்றைக்கு, “பெண்ணின் பெரியம்மா தவறணை வைத்திருக்கிறா” என்று இங்கே யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் அம்மா பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாராம்.

தாராளமாக வாருங்கள். கந்தப்பளைச் சந்தியில் இறங்கி யாரிடம் கேட்டாலும் வழி சொல்வார்கள். பிளேன்டீ உண்டு. வேறொன்றும் ஊற்றிக் கொடுக்க மாட்டேன்.